நாலே நாலு ஓட்டை

"சார், கொடல்ல ஒரு ஆபரேசன் பண்ணா சுகர் போயிருமாமே, நெசமா?"

துவரம் பருப்பை நிறுத்துக்கொண்டே கேட்டார் எங்கள் தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி. கோவிலம்பாக்கத்தில் இருபது வருடமாகக் கடை வைத்திருப்பவர். வயது 47. பதினொரு வருடமாகச் சர்க்கரை. உயரம் 167 செ.மீ., எடை 92 கிலோ. இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு வழுவழுப்பான ஃபைலை எடுத்து நீட்டிவிட்டார். ஏதோ 'இலவச முகாம்' என்று போய் வந்திருக்கிறார். ரத்தம் எடுத்து, எடை பார்த்து, ஒரு கப் சுண்டலும் கொடுத்து, கடைசியில் இந்த ஃபைலைக் கையில் திணித்து அனுப்பியிருக்கிறார்கள்.

ஃபைலின் முதல் பக்கத்தில் ஒரு வயிற்றின் படம். அதில் நாலு புள்ளி, கொசு கடித்த மாதிரி. இரண்டாம் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு குடும்பம். மூன்றாம் பக்கத்தில் விலை: நாலு லட்சம் சொச்சம். நாலாம் பக்கத்தில் அதை மாதத் தவணையில் கட்டும் வசதி. முடிந்தது ஃபைல்.

"நாலே நாலு ஓட்டைதானாம் சார். மூணாம் நாள் கடையில வந்து உக்காந்திரலாம்னு சொல்லுதாங்க."

"உள்ளே என்ன பண்ணுவாங்கன்னு சொன்னாங்களா அண்ணாச்சி?"

"அதான் சொன்னேனே, நாலு ஓட்டை!"

என் கோபமெல்லாம் இந்த ஓட்டையின் மேல்தான். ஆபரேஷன் மேல் இல்லை, டாக்டர்கள் மேலும் இல்லை. தோலில் எவ்வளவு கிழிக்கிறோம் என்பதைச் சொல்லி, குடலில் என்ன செய்கிறோம் என்பதை மறைத்து விற்கிறார்களே, அதன் மேல். ஒரு வீட்டுக்குள் சாவித்துவாரம் வழியாகவே கையை விட்டு சுவரை இடித்து, சமையலறையை மாடிக்கு மாற்றி, குழாயை வேறு பக்கம் திருப்பிவிட்டு, "பாருங்கள், கதவில் ஒரு கீறல்கூட இல்லை" என்று ஒரு கொத்தனார் சொன்னால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

இடிப்பது தவறு என்று சொல்லவில்லை. சில வீடுகளை இடித்துத்தான் ஆகவேண்டும். இடிக்கிறோம் என்று சொல்லிவிட்டு இடியுங்கள் என்கிறேன்.

அண்ணாச்சிக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இதில் இரண்டு வகைதான் அதிகம் நடக்கிறது. ஒன்று, 'ஸ்லீவ்'. இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி வெளியே எடுத்துவிடுவார்கள். மீதி இருப்பது ஒரு வாழைப்பழம் மாதிரி நீளமாக நிற்கும். வெட்டி எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. இன்னொன்று 'பைபாஸ்'. இரைப்பையின் மேல்பக்கம் இரண்டு கரண்டி கொள்ளும் அளவுக்கு ஒரு சின்னப் பையை மட்டும் தனியாகப் பிரித்து, சிறுகுடலை நடுவில் துண்டித்து இழுத்து வந்து அதில் தைத்துவிடுவார்கள். சாப்பாடு மீதி இரைப்பைக்கும் போகாது, டியோடினம் என்கிற முன்சிறுகுடலுக்கும் போகாது. நேராகக் கீழே இறங்கிவிடும். பித்தநீரும் கணையநீரும் பழைய பாதையில் வந்து வெகுதூரம் தள்ளி அதோடு சேர்ந்துகொள்ளும்.

நாலு ஓட்டை வழியாகவோ ஐந்து ஓட்டை வழியாகவோ இதைச் செய்வது பெரிய வித்தைதான், சந்தேகமே இல்லை. வயிற்றைக் கிழித்துச் செய்த காலத்தைவிட வலி குறைவு, புண்ணில் சீழ் பிடிப்பது குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். ஆனால் எழுந்து நடந்தபிறகு என்ன? முதலில் சில வாரம் தண்ணியாகாரம், அப்புறம் கூழ், அப்புறம் அரை இட்லி. பி12, இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் உயிர் உள்ளவரை. வருடத்துக்கு ஒருமுறையாவது ரத்தப் பரிசோதனை. பைபாஸ் செய்தவர் கல்யாண வீட்டில் ஆசையாக ரெண்டு ஜாங்கிரியை உள்ளே தள்ளினால் வியர்த்துக்கொட்டி, நெஞ்சு படபடத்து, மண்டபத்து பாத்ரூமைத் தேடி ஓட வேண்டியிருக்கும். சாயங்காலம் டாஸ்மாக் பக்கம் போகிற பழக்கமுள்ளவர்கள் கவனிக்கவும்: பைபாஸுக்குப் பிறகு ஒரு பெக் போதை சட்டென்று தலைக்கேறும், குடிப்பழக்கம் முற்றிவிடும் ஆபத்தும் கூடுகிறது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. ஃபைலில் இதில் ஒரு வரிகூட இல்லை.

அப்படியானால் எல்லாம் ஏமாற்றா? அதுதான் இல்லை. இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த கதையே வேறு. 1960-களில் அமெரிக்காவில் எட்வர்ட் மேசன் என்ற டாக்டர் எடையைக் குறைக்கத்தான் இந்த பைபாஸைத் தொடங்கினார். சர்க்கரை அவர் கணக்கிலேயே இல்லை. 1995-இல் வால்டர் போரிஸ் என்ற இன்னொரு அறுவை மருத்துவர், பைபாஸ் செய்துகொண்டவர்களுக்குச் சர்க்கரையும் காணாமல் போகிறது என்று எழுதினார். அதுவும் எடை குறைவதற்கு முன்பே, சில நாட்களிலேயே! 'யார் நினைத்துப் பார்த்திருப்பார்கள்' என்றுதான் அந்தக் கட்டுரைக்கே தலைப்பு வைத்தார். பிறகு ஃபிரான்செஸ்கோ ரூபினோ, பருமன் இல்லாத, ஆனால் சர்க்கரை உள்ள எலிகளுக்கு முன்சிறுகுடலை மட்டும் ஒதுக்கிவைத்துத் தைத்துப் பார்த்தார். எலிகளுக்கும் சர்க்கரை இறங்கியது. சாப்பாடு முன்சிறுகுடலைத் தொடாமல் சீக்கிரமே கடைசிக் குடலுக்குப் போனால் ஜிஎல்பி-1 மாதிரியான ஹார்மோன்கள் அதிகம் சுரக்கின்றன, அவை கணையத்தை உசுப்பிவிடுகின்றன என்பது இன்றைக்குச் சொல்லப்படும் விளக்கங்களில் முக்கியமானது. குடல் என்பது வெறும் குழாய் இல்லை, அதுவும் ஒரு சுரப்பி என்பதை இந்தக் கத்தியும் அழுத்தமாகக் காட்டியது. இப்போது எல்லோரும் பேசுகிற ஊசிகள், 2025-இல் இந்தியாவுக்கு வந்த மவுஞ்சாரோவும் வெகோவியும், அதே ஹார்மோனின் வேலையைத்தான் வெளியிலிருந்து செய்கின்றன.

ஆக, விஷயம் உண்மை. எவ்வளவு உண்மை என்பதில்தான் கோளாறு. "போயிருமா?" என்று அண்ணாச்சி கேட்டாரே, அதற்கு நேர்மையான பதில் இருக்கிறது. ஸ்வீடனில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். சர்க்கரை இருந்தவர்களில் இரண்டு வருடம் கழித்து 72 சதவீதம் பேருக்கு அது அடங்கியிருந்தது. பத்து வருடம் கழித்துப் பார்த்தால் 36 சதவீதம். பாதிக்குப் பாதி! அமெரிக்காவில் கிளீவ்லாண்டில் 150 பேரை வைத்துச் செய்த சோதனையின் ஐந்து வருட முடிவு 2017-இல் வந்தது. மூன்று மாத சராசரி சர்க்கரையை 6-க்குக் கீழே கொண்டுவருவது இலக்கு. பைபாஸ் செய்தவர்களில் 29 சதவீதம் பேர் எட்டினார்கள், ஸ்லீவ் செய்தவர்களில் 23 சதவீதம், மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 5 சதவீதம்.

இந்த எண்களை இரண்டு விதமாகப் படிக்கலாம். மருந்தைவிட ஐந்து மடங்கு மேல் என்று மருத்துவமனை படிக்கும். பத்தில் ஏழு பேர் எட்டவில்லை என்று நான் படிப்பேன். இரண்டும் சரி. எட்டாதவர்களுக்கும் மாத்திரை, இன்சுலின் குறைகிறது, அது சின்ன விஷயமில்லை. ஆனால் இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அண்ணாச்சி முடிவெடுக்க முடியும். 'சர்க்கரைக்கு குட்பை' என்று போர்டு வைத்தால் எப்படி எடுப்பார்?

அந்த போர்டு எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள், எங்கே இல்லை என்று கேளுங்கள். பல்லாவரம் – துரைப்பாக்கம் ரேடியல் சாலையில் ஈச்சங்காடு சிக்னலில் நின்றால் அடுக்குமாடி ஃப்ளாட் விளம்பரம், பிரியாணி விளம்பரம், எடைக்குறைப்பு விளம்பரம் மூன்றும் வரிசையாகக் கண்ணில் படும். ஒரு பக்கம் ஏற்றிவிட்டு இன்னொரு பக்கம் இறக்கிவிடுகிற ஏற்பாடு. சந்தைக்கு ஆளுக்கும் பஞ்சமில்லை. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயதுவந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நாடு முழுக்க பத்து கோடிப் பேர். அந்த ஆய்வை முன்னின்று நடத்தியதே நம் சென்னைக்காரர்கள்தான். 2006-இல் இதே சென்னையிலிருந்து டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு இன்னொன்றையும் நிரூபித்தது: சர்க்கரை வரப்போகிற நிலையில் இருப்பவர்களை நடக்க வைத்து, சாப்பாட்டை மாற்றினாலே, நோய் வருவது நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. அதற்கு யாராவது போர்டு வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நடைக்கு பில் போட முடியாதே! தவிர, மெட்ரோ தூண்களுக்கும் குழிகளுக்கும் நடுவே மேடவாக்கம் மெயின் ரோட்டில் நடந்தால் சர்க்கரை குறைகிறதோ இல்லையோ, ஆள் குறைந்துவிடுவார்.

சரி, அண்ணாச்சிக்கு வருகிறேன். அவருடைய பி.எம்.ஐ. 33. மூன்று வகை மாத்திரையும் இரண்டு வேளை இன்சுலினும் போட்டும் சர்க்கரை அடங்கவில்லை. 2016-இல் உலக நீரிழிவு அமைப்புகள் பல சேர்ந்து ஒரு வழிகாட்டி போட்டன. வெள்ளைக்காரர்களுக்கு 35-க்கு மேல் பி.எம்.ஐ. இருந்து, மருந்துக்கு சர்க்கரை அடங்காவிட்டால் ஆபரேஷனைப் பரிந்துரைக்கலாம் என்றது. ஆசியர்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிற வாகு, குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது. அதனால் நமக்கு 32.5 போதும் என்றும் சொன்னது. அந்தக் கணக்கில் அண்ணாச்சி தகுதியானவர். முகாமில் அவரைப் பிடித்தது வெறும் வியாபாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. இதுதான் என்னைச் சங்கடப்படுத்துகிறது.

அண்ணாச்சியிடம் ஐந்து லட்சத்துக்கு மெடிகிளைம் இருக்கிறது. வருடம் தவறாமல் பிரீமியம் கட்டியிருக்கிறார். அதில் இந்த ஆபரேஷன் செய்யலாமா என்று பாலிசியைப் புரட்டினேன். 2019-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு விதி போட்டது. அடங்காத சர்க்கரை மாதிரி கூடுதல் நோய் இருந்தால் பி.எம்.ஐ. 35, இல்லாவிட்டால் 40. அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு கம்பெனி பணம் தரவேண்டியதில்லை. மருத்துவம் ஆசிய உடம்புக்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. இந்தியாவின் காப்பீட்டு விதியோ அமெரிக்க உடம்பின் அளவை வைத்திருக்கிறது! அண்ணாச்சி 35-ஐத் தொடவேண்டுமானால் 98 கிலோ ஆகவேண்டும். இன்னும் ஆறு கிலோ.

இதை நான் விளக்கி முடித்ததும் கடையில் நின்றிருந்த ஆட்டோக்காரர் சொன்னார்: "இவ்ளோதானே அண்ணாச்சி, ரெண்டு மாசம் டெய்லி பிரியாணி அடி. இன்சூரன்ஸ்ல முடிச்சிரலாம்."

சிரித்தோம். ஆனால் இது ஜோக் இல்லை. நோயை முற்றவைத்தால் பணம், முற்றுவதற்கு முன் வந்தால் இல்லை என்று ஒரு விதி இருந்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பதை ஆட்டோக்காரர் ஒரே நொடியில் சொல்லிவிட்டார். ஆணையத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது புரிய எத்தனை வருடம் ஆகுமோ. அதுவரை அண்ணாச்சிகள் கைக்காசைப் போட்டோ கடன் வாங்கியோ செய்துகொள்ள வேண்டும். கைக்காசு என்றதும் எங்கே மலிவு என்ற தேடல் வந்துவிடும். மலிவைத் தேடிப் போவதில்தான் உயிர் மாட்டுகிறது.

2024 ஏப்ரலில் பம்மலில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் ஊரிலிருந்து ரேடியல் ரோட்டைப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். புதுச்சேரியிலிருந்து வந்த 26 வயது இளைஞர். 150 கிலோவுக்கு மேல் எடை. ஆபரேஷனுக்கென்று நல்லபடியாக நடந்து உள்ளே போனவர் உயிரோடு திரும்பவில்லை. சுகாதாரத்துறை விசாரணைக்குழு போட்டது, குறைகளைக் கண்டது, அந்த மருத்துவமனையின் உரிமத்தை நிறுத்திவைத்தது. நாலு நாள் டி.வி.யில் ஓடியது. அப்புறம்? அப்புறம் தேர்தல் முடிவு வந்துவிட்டது.

இந்த ஆபரேஷனே கொலைகார ஆபரேஷன் என்று சொல்லிவிடாதீர்கள். தேர்ந்த மையங்களில் செய்தால் ஆயிரத்தில் மூன்று பேர்போல ஒரு மாதத்துக்குள் இறக்கிறார்கள் என்று 2009-இல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வு சொன்னது. பித்தப்பை ஆபரேஷனோடு ஒப்பிடத்தக்க அளவுதான். ஆனால் அது தேர்ந்த மையங்களின் கணக்கு. நல்ல ஐ.சி.யூ., கனமான உடம்புக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய டாக்டர், தைத்த இடத்தில் கசிந்தால் ராத்திரி ரெண்டு மணிக்கும் திறந்து பார்க்க ஆள், இதெல்லாம் இருக்கிற இடத்தின் கணக்கு. கோவிலம்பாக்கத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் அந்தக் கணக்கு என்ன? யாராவது சொல்லுங்களேன். எத்தனை ஆபரேஷன் நடந்தது, எத்தனை பேருக்குக் கசிந்தது, எத்தனை பேர் போனார்கள், ஐந்து வருடம் கழித்து எத்தனை பேர் மறுபடி இன்சுலினுக்குத் திரும்பினார்கள்? ஆஸ்பத்திரி வாசலில் இந்த எண்களை எழுதி வைத்து நான் பார்த்ததில்லை.

முடியாத காரியம் ஒன்றுமில்லை. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால், அது அரசு மருத்துவமனையானாலும் தனியாரானாலும், காரணத்தைத் தோண்டி எடுத்து ஆய்வு செய்கிற வழக்கத்தை 1990-களிலேயே தொடங்கிய மாநிலம் இது. யாரையும் தூக்கில் போட அல்ல, அடுத்த தாயைக் காப்பாற்ற. தாய்மார் இறப்பு இங்கே இவ்வளவு குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். உறுப்பு மாற்று சிகிச்சைக்கும் அரசுப் பதிவேடு வைத்திருக்கிறோம். ஆரோக்கியமாக நடந்து வருகிற ஒருவரின் குடலை மாற்றித் தைப்பதற்கு மட்டும் ஏன் இல்லை? தனியார் மருத்துவமனைகளுக்கென்று 1997-இல் சட்டம் போட்டார்கள். அதற்கு விதிகள் 2018-இல்தான் வந்தன. இருபத்தோரு வருடம்! நம்முடைய வேகம் இது. அதனால்தான் கத்திக் கத்திக் கேட்க வேண்டியிருக்கிறது.

இதற்குள் கடையில் அடுத்த சரக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது: கத்தியே வேண்டாம், வாய் வழியாகவே குழாயை விட்டு எல்லாம் முடித்துவிடலாம். நாலு ஓட்டைகூட இல்லை, பூஜ்யம் ஓட்டை! இரைப்பைக்குள் பலூனை ஊதிவிடுவது, உள்ளேயே தையல் போட்டு இரைப்பையைச் சுருக்குவது, முன்சிறுகுடலின் உள்தோலை வெந்நீரால் பொசுக்கிப் புதிதாக வளர விடுவது என்று பல தினுசு. சிலவற்றுக்கு நல்ல எதிர்காலம் இருக்கலாம். ஆனால் 'எண்டோபேரியர்' என்று ஒன்று வந்த கதையைக் கேளுங்கள். இரண்டடி நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, முன்சிறுகுடலுக்குள் சின்னக் கொக்கிகளால் மாட்டி விடுவார்கள். சாப்பாடு உறைக்குள்ளேயே போய்விடும், குடல் சுவரைத் தொடாது. வெட்டாமலே பைபாஸ். கேட்க எவ்வளவு அழகு! ஐரோப்பாவில் விற்பனைக்கே வந்துவிட்டது. அமெரிக்காவில் சோதனை நடந்தபோது சிலருக்குக் கல்லீரலில் சீழ்க்கட்டி வந்தது. 2015-இல் சோதனையை நிறுத்தினார்கள். 2017-இல் ஐரோப்பிய அங்கீகாரமும் போனது. பலூனிலும் அதே 2017-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஐந்து சாவுகளைச் சொல்லி டாக்டர்களை எச்சரித்தது.

அங்கே நிறுத்தினார்கள், எச்சரித்தார்கள் என்று நமக்குத் தெரிவதே அங்கே கணக்கு வைத்திருந்ததால்தான். எண்ணாத ஊரில் எதை வைத்து நிறுத்துவது?

ஆகவே அண்ணாச்சிக்கு நானே ஒரு தாளில் கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். ஸ்லீவா பைபாஸா, எனக்கு ஏன் அது? இதைச் செய்யப்போகிற டாக்டர் இதுவரை எத்தனை செய்திருக்கிறார், அவர் கையில் எத்தனை பேருக்குக் கசிந்தது? ராத்திரியில் ஏதாவது ஆனால் இங்கேயே பார்ப்பீர்களா, வேறு ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் ஏற்றுவீர்களா? ஐந்தாம் வருடமும் என்னைக் கூப்பிட்டுப் பார்ப்பீர்களா, அதற்குக் காசு உண்டா? அந்த ஊசிகளை முதலில் போட்டுப் பார்க்கலாமா? செமாக்ளூடைட் மருந்தின் காப்புரிமை 2026 மார்ச் வரைதானே, நம்மூர் கம்பெனி சரக்கு விலை குறைவாக வருமே? கடைசியாக, சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் இதே ஆபரேஷனைச் செய்கிறார்களே, அங்கே போய் ஒரு தடவை கேட்டுவிட்டு வரட்டுமா?

கடைசிக் கேள்வியைப் பார்த்து அண்ணாச்சி கொஞ்சம் தயங்கினார். "கோவிச்சுக்கிடுவாங்களோ சார்?"

"நீங்க ஒரு மூட்டை அரிசி எடுக்கும்போது நாலு கடையில விலை கேப்பீங்களா மாட்டீங்களா?"

"அது அரிசில்லா!"

போனார். கவுன்சிலர் என்று ஒரு சின்னப் பெண் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, டாக்டரிடம் கேட்டுச் சொல்வதாக அனுப்பியிருக்கிறாள். மூன்று வாரமாக எந்தப் பதிலும் இல்லை. நேற்று சர்க்கரை வாங்கப் போனபோது – எனக்குத்தான், காபிக்கு – அண்ணாச்சி போனைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரியில இருந்துதான் சார்."

"பதில் சொன்னாங்களா?"

"அதைப் பத்தி ஒண்ணும் பேசலை. வட்டியில்லாத் தவணை இந்த மாசக் கடைசி வரைக்கும்தானாம். பிராசஸிங் ஃபீஸும் வேண்டாங்காங்க."